ஐந்தாவது எல்லை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சிறு பைகளில் மாதிரி வரும். வியாபாரி பையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டுவார். நிறம் பச்சையா, வெளிறியதா? காய் 8 மில்லிமீட்டர் தேறுமா? பதமாகக் காய்ந்திருக்கிறதா? ஒன்றை நகத்தால் பிளந்து விதையைப் பார்ப்பார், வாயிலும் போட்டுக்கொள்வார். பிறகு கணினியில் விலையைத் தட்டுவார். மலைக்கு மேலே, கேரளத்தின் புற்றடியில் இருக்கும் ஏல மையத்திலும் இதே கதைதான். காயைப் பறித்தவர் என்ன சாதி, அதை உலர்த்தியவர் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

அதே ஊரில் வீடு ஒன்று விலைக்கு வந்தால் முக்கியமான கேள்வியே அதுதான்: "வாங்குறவுக என்ன ஆளுக?"

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் போடியில் இருந்த தம் வீட்டை விற்றார். மகன் கோவையில் இருக்கிறார். இவரும் அங்கேயே போய்விட முடிவு செய்துவிட்டார். புரோக்கர் ஒரு தம்பதியைக் கூட்டி வந்தார். இருவருக்கும் அரசு வேலை. வங்கிக் கடன் தயார். பெரிதாகப் பேரம்கூடப் பேசவில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்தாயிற்று. அட்வான்ஸ் கொடுக்க நாள் குறித்த பிறகு, பெரியவர் புரோக்கரைத் தனியே அழைத்துக் கேட்டார். பதில் கிடைத்தது. பேச்சு முறிந்தது. மூன்று மாதம் கழித்து "நம்மாளுக" ஒருவருக்கு நாலு லட்சம் குறைத்துக் கொடுத்தார்.

ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. நான் அதெல்லாம் பாக்குறவனா? தெருவுல நாலு பேரு என்ன பேசுவாய்ங்க?"

"நீங்கதான் தெருவையே விட்டுப் போறீங்களே அய்யா?"

சிரித்தார். பதில் இல்லை.

யார் அந்த நாலு பேர்? எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள்: "எனக்கு ஒண்ணுமில்ல, மத்தவங்க..." என்பார். பக்கத்து வீட்டிலும் அதே பதில். தெரு முழுக்க நிரபராதிகள். ஆனால் தீண்டாமை மட்டும் தவறாமல் நடக்கிறது. கடைசி நாளில் தூக்க நாலு பேர் வேண்டும் என்பார்கள். கோவை மின்மயானத்துக்குப் போகும் வண்டியில் தூக்கி ஏற்றப் போடித் தெருக்காரர்கள் வரப்போவதில்லை. ஆக, இல்லாத நாலு பேருக்காக நாலு லட்சம் இழந்திருக்கிறார் மனிதர். சாமிக்குக்கூட அவர் இவ்வளவு காணிக்கை போட்டதில்லை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. விட்டோம். வட இந்தியாவில் கதவில் தொங்கும் பெயர்ப்பலகையே சாதியைச் சொல்லிவிடும். நம் பெயர்ப்பலகை சொல்லாது. அதில் நமக்குப் பெருமை உண்டு. பெயரில் சாதி இல்லாததால்தான் புரோக்கர் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை கொஞ்சம் இறங்கும்.

"என் வீடு. யாருக்கு விற்பது என்பது என் இஷ்டம்" என்று ஒரு வாதம் உண்டு. சட்டம்கூட இந்த இடத்தில் தயங்குகிறது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லித் திறந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் வீடு இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளின் வீட்டு வசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா வேறு வழியில் போனது. கறுப்பருக்கு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று 1948இல் அங்கே தீர்ப்பு வந்தது. வீடு விற்பதில் இனம், மதம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்தது.

இஷ்டம் என்றால் சொந்த இஷ்டமாகவாவது இருக்க வேண்டாமா? பெரியவருடைய இஷ்டம் கூடுதல் விலைக்கு விற்பதுதான். தெருவின் இஷ்டம் அதைத் தட்டிப் பறித்தது. உரிமை என்று நாம் பேசுவது, அடிமைத்தனத்துக்கு நாமே வைத்துக்கொண்ட பெயர்.

விடியும் முன் போடியிலிருந்து ஜீப்புகள் முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் அதில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியில், தரையோடு காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். இந்த ஊரின் மாடிவீடுகள் பல அந்தக் குனிவில் எழுந்தவை. அப்படிக் குனிந்தவளின் மகள் படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி, நிமிர்ந்து வாசலில் வந்து நின்றால், "என்ன ஆளுக?" என்கிறோம். அம்மா பறித்த காயை வாய்க்குள்ளேயே போட்டுப் பார்க்கிறோம். மகள் வாசற்படிக்குள் வந்தால் தீட்டு.

1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அருமையான திட்டம். ஆனால் அது புதிய இடத்தில் எழுந்த புதிய குடியிருப்பு. பழைய தெருவுக்குள் அரசாங்கம் வர முடியாது. அங்கே கதவு திறப்பது வீடு கைமாறும் அன்று மட்டும்தான். அன்றைக்குச் சாவி இருப்பது முதலமைச்சரிடம் இல்லை, விற்பவரிடம்.

பெரியவர் கோவையில் வாடகைக்கு வீடு தேடியபோது அங்கேயும் புரோக்கர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். கோபம் வரவில்லையா என்றேன். "கேக்கத்தானே செய்வாய்ங்க" என்றார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும்: வடக்கே இன்னார் வீடு, கிழக்கே பாதை என்று. ஐந்தாவது எல்லை அதில் இல்லை. எந்த நில அளவையரும் அதை அளந்ததில்லை, எந்தச் சார்பதிவாளரும் பதிந்ததில்லை. ஒவ்வொரு முறையும் விற்பவர்தான் அதைத் தன் வாயால் போடுகிறார். அடுத்த முறை புரோக்கர் "என்ன ஆளுகன்னு விசாரிக்கவா அண்ணே?" என்று கேட்டால், "வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த எல்லைக்கல் அவ்வளவு கனம்தான்.