முன்னையோர் இட்ட குப்பையும் பின்னையோர் கடனும்

2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று பிற்பகலில், கொழும்பை அடுத்த கொலன்னாவையில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சிதைந்தன. அம்மேடு அங்கு வாழ்ந்தோரால் எழுந்ததன்று. மாநகரின் கழிவு சதுப்பு நிலத்தின் மேல், அவர்தம் வாயிலிலே, ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டது. அதனை நிறுத்துமாறு அவர்கள் வீதியிலிறங்கிக் குரலெழுப்பியதும் உண்டு. சரிவின் பின், கொழும்பின் குப்பையை இனி எங்கே கொண்டுசெல்வது என்ற வினாவிற்குக் கிடைத்த விடை, புத்தளத்து அருவக்காடு. அங்கு சுண்ணக்கல் அகழப்பட்ட நிலம் இருந்தது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் இதனை எதிர்த்துப் போராடினர். தாம் உண்ணாத விருந்தின் எச்சிலைத் தாம் ஏன் ஏற்கவேண்டும் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். அக்கேள்விக்கு ஒழுக்கவியல் நோக்கில் தக்க விடை எவரும் அளித்ததாகத் தெரியவில்லை.

இடமாற்றம் அகற்றலாகாது என்பதை உணர்ந்த நகரங்கள் சில, பழங்குப்பையை அது கிடக்கும் இடத்திலேயே பிரித்தெடுக்க முற்பட்டுள்ளன. இம்முறையை உயிரியல் அகழ்வு என்பர். மேட்டை அடுக்கடுக்காகக் கீறி, ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரமான நீள்குவியல்களாக்கி, நுண்ணங்கிகள் செறிந்த கரைசலைத் தெளித்து, வாரமொருமுறை புரட்டுவர். காற்றின்றி அழுகி மெதேனை உமிழ்ந்த பொருள், காற்றுப் பட்டதும் வெம்மையுற்று உக்குகின்றது. ஈரம் வற்றுகின்றது, நாற்றம் தணிகின்றது, பருமனும் கணிசமாகக் குறைகின்றது. சில வாரங்களின் பின்னர் சுழலும் சல்லடைகளில் இட்டால் மண் ஒருபாலாகவும், கல்லும் ஓடும் ஒருபாலாகவும், பொலித்தீனும் கந்தையும் ஒருபாலாகவும் பிரியும். எரியத்தக்கவை சீமெந்துச் சூளைக்குச் செல்லும். கல் பள்ளம் நிரப்பும். இந்தூர் நகரிலே 2018 ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பழங்குப்பை இவ்வாறு அகற்றப்பட்டது. சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெருங்குடி மேட்டிலும் பின்னர் இப்பணி மேற்கொள்ளப்பட்டது.

இங்கு நின்று சற்றே நோக்குதல் வேண்டும். சல்லடை செய்வது யாது? ஒவ்வோர் அடுக்களையிலும் ஒரு நொடியில் செய்திருக்கக்கூடியதைப் பல்லாண்டு கழித்துப் பெருஞ்செலவிற் செய்கின்றது. பழந்தமிழில் குப்பை என்ற சொல் குவியல் என்ற பொருளையும் தந்தது, நெற்குவியலும் குப்பையே. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் குப்பையை எருவென விலைகொடுத்து வாங்கித் தோட்டத்துக்கு இட்டான். அக்குப்பை உக்கி மண்ணாவதற்குத் தடையாக அதனுள் எதுவும் கலந்திருக்கவில்லை. எனவே குற்றம் எறிதலில் அன்று, கலத்தலிலேயே உள்ளது என்பது என் கருத்து. மீன்செதிலையும் மின்கலத்தையும் ஒரே பையில் இட்ட கை, இரண்டையும் பயனற்றதாக்கியது. 1953 இல் தெல்அவிவ் நகருக்கருகே பழங்குப்பையை அகழ்ந்து சலித்தவர்கள் தோட்டங்களுக்கு எரு தேடியே அதனைச் செய்தனர். இன்று சலிக்கப்படும் மண்ணைச் சோதியாது பயிருக்கு இடுதல் ஆகாது. ஈயமும் கட்மியமும் அதிற் கலந்திருத்தல் கூடும். நுண்ணங்கிகள் சேதனப் பொருளை உண்டு செரிக்கவல்லன. ஈயமோ மூலகம், அதனை வேறோர் உருவிற் கட்டிவைக்கலாமேயன்றி இல்லாமற் செய்தல் இயலாது. உயிரியற் சீராக்கம் என்ற சொல்லின் இனிமை இவ்வெல்லையை மறைத்துவிடக் கூடாது.

இனி, செலவு எவருடையது? ஐக்கிய அமெரிக்காவின் லவ் கனால் என்னுமிடத்தில் ஓர் இரசாயன நிறுவனம் 1940களில் நச்சுக் கழிவுகளைப் புதைத்து, 1953 இல் அந்நிலத்தை ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபையிடம் கைமாற்றியது. 1978 இல் அங்கிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதன் விளைவாக எழுந்த 1980 ஆம் ஆண்டுச் சட்டம், கொட்டிய காலத்தில் அச்செயல் சட்டத்துக்கு மாறானதாக இல்லாவிடினும் கொட்டியவரே பொறுப்பாளர் என விதித்தது. அன்று தவறென அறியப்படாததற்கு இன்று தண்டமா என வினவுவோர் உளர். இது தண்டமன்று, கடன் என்பதே தக்க விடையாகும். தண்டத்துக்குத் தீய எண்ணம் வேண்டும்; கடனுக்குப் பெற்ற பயன் ஒன்றே போதும்.

எனினும் நகரக் குப்பையில் இவ்விடை முழுமையாகப் பொருந்தாது. அங்கு கொட்டியவர் இலட்சக்கணக்கானோர். அவருட் பலர் இறந்துவிட்டனர்; எஞ்சியோரில் எவர் பை எங்கே கிடக்கின்றது என்பதை எச்சல்லடையும் சொல்லாது. தந்தையின் சொத்தை ஏற்ற மகன் அவர் பட்ட கடனையும் ஏற்கவேண்டும் என்பது நம்மவர் வழக்கு. அவ்வழக்கின்படி, முன்னையோர் அமைத்த வீதியையும் துறைமுகத்தையும் ஆளும் நகரத்தார் அவர்தம் மேட்டையும் ஆளுதல் முறையே. ஆயின், அந்நகரிலேயே சொத்து எதனையும் ஏற்காது கடனை மட்டும் ஏற்றவர்கள் உளர். மேட்டின் அடிவாரத்தில் ஓலையும் தகரமும் வேய்ந்து வாழ்ந்தோர் அவர்கள். வரியைச் சமமாகப் பகிர்தல் நீதியென்பார் இவர்களைக் கணக்கிற் கொண்டாரல்லர். இவர்கள் தம் பங்கை நுரையீரலாலும் நோயாலும் ஏற்கெனவே செலுத்தியவர்கள்.

பிறவாத தலைமுறைக்குக் கடப்பாடு உண்டா என்பது பற்றி ஹான்ஸ் யோனாஸ் 1979 இலும், டெரெக் பார்ஃபிற் 1984 இலும் விரிவாக ஆராய்ந்தனர். மேலைநாட்டு மெய்யியலார் எதிர்காலத்தை இத்துணை நுணுக்கமாக நோக்கியமை பாராட்டத்தக்கதே. எனினும் குப்பைமேட்டைப் பொறுத்தவரை பாதிக்கப்படுவோரைத் தேட எதிர்காலத்துக்குச் செல்லவேண்டியதில்லை. அவர்கள் அயலிலேயே உளர். அவருக்குப் பெயரும் முகவரியும் உண்டு.

மேடு நீங்கியபின் எழும் வினாவே மிகக் கடினமானது. நாற்றத்தால் விலையற்றுக் கிடந்த நகர நிலம், சுத்தமான மறுகணமே பெருவிலை பெறுகின்றது. பூங்கா என்பர், மாடிமனை என்பர். நாற்றத்தை நுகர்ந்தவர் வாடகை உயர்வால் அகன்றுவிட, நறுமணத்தை நுகரப் புதியோர் வருவர். மேட்டிற் பொறுக்கிச் சீவித்தோரோ சல்லடைப் பொறி வந்த அன்றே தொழிலிழப்பர். அவர்கள் பல்லாண்டுகளாகக் கூலியின்றிச் செய்ததும் அதே பிரித்தெடுத்தலே. அதற்கு உயிரியல் அகழ்வு என்று எவரும் பெயரிடவில்லை. மீட்கப்படும் நிலத்தின் மீது முதலுரிமை இவ்விரு சாராருக்கும் உரியது என்பேன். ஒப்பந்தம் எழுதப்படும்போதே அவ்வுரிமையும் எழுதப்படுதல் வேண்டும். நிலம் விலைபெற்ற பின் எவரும் எழுதார்.

எத்துணை நன்கு சலித்தாலும் எதற்கும் உதவாத ஒரு பங்கு எஞ்சும். அதனைக் காப்பான குழியொன்றிற் புதைப்பதன்றி வேறு வழியில்லை. அக்குழிக்கு இடம் தேடி அதிகாரிகள் வரைபடத்தை விரிக்கும்போது, அவர்தம் விரல் மீண்டும் எவர் ஊரிற் போய் நிற்கும் என்பது புத்தளத்தாருக்குத் தெரியும்.