ஆசிரியரும் அனுமதிச் சீட்டும்

கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட ஒருவர், தம் ஊர்ப் பிள்ளைகளை விட்டு, கூடுதலான ஊதியத்தை நாடி அயல்நாடு செல்வது அறமாகுமா? இவ்வினாவைக் கேட்பவர் பலர். அவ்வாறு சென்றவரை ஒரே முதலாளியின் வாயிலில் கட்டிவைக்கும் அனுமதிச் சீட்டு அறமாகுமா என்று கேட்பவரோ மிகச் சிலர். இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே நேர்மை என்பது எமது எண்ணம்.

மக்களின் வரிப்பணத்தில் பயிற்சி பெற்றவர் அக்கடனைத் தீர்க்காது கப்பலேறலாமா என்பர். கடன் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் அதனை ஆசிரியர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவானேன்? 2001ஆம் ஆண்டில் ஜமைக்கா முதலிய கரீபியன் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பிரிட்டனும் நியூயார்க் நகரமும் வருவித்துக்கொண்டன. ஆளாக்கிய செலவு ஏழைத் தீவுக்கு, ஆளின் பயன் செல்வ நாட்டுக்கு என்றாயிற்று. இக்குறை முற்றிய பின்னரே, 2004 செப்டம்பர் 1ஆம் தேதி, இங்கிலாந்தின் ஸ்டோக் ராச்ஃபோர்டில் கூடிய காமன்வெல்த் கல்வி அமைச்சர்கள், ஆசிரியர்களை வேலைக்கு அழைப்பது குறித்து ஓர் ஒப்பந்த நெறியை ஏற்றனர். ஆசிரியருக்கு நாடு கடந்து செல்லும் உரிமை உண்டு. ஏழை நாட்டின் பள்ளிகள் பாழாகாமற் காக்கும் பொறுப்பும் உண்டு. பள்ளியாண்டின் நடுவில் ஆசிரியரை இழுத்துச் செல்லுதல் கூடாது. இவையே அதன் சாரம். சட்டத்தின் வலு அதற்கில்லை. ஒழுக்கத்தின் வலு மட்டுமே உண்டு. ஒழுக்கத்தின் வலு எத்துணை என்பதை 2023ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு கானா, நைஜீரியா, ஜிம்பாப்வே, இந்தியா, ஏன், நமது சிங்கப்பூர் ஆகியவற்றின் ஆசிரியர்களும் தம் சொந்தத் தகுதியைக் கொண்டே இங்கிலாந்தின் ஆசிரியத் தகுதிக்கு விண்ணப்பிக்க வழி திறக்கப்பட்டது. பௌதிகமும் அயல்மொழியும் கற்பிக்க வருவோருக்குக் குடிபெயரும் செலவாக 10,000 பவுன் வழங்கவும் திட்டமிட்டனர். அவர்களை உருவாக்கிய பயிற்சிப் பள்ளிகளுக்கு அத்திட்டத்தில் பங்கு யாது? ஒன்றுமில்லை. கடனாளி யார் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

நிற்க. 1901ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்னும் கப்பலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் மணிலா வந்திறங்கினர். தம் நாட்டுப் பிள்ளைகளைக் கைவிட்டார்கள் என்று அவர்களை எவரும் ஏசவில்லை. தொண்டர் என்றே போற்றினர். நூறாண்டு கழித்துக் கப்பல் எதிர்த்திசையில் திரும்பியது. 2007ஆம் ஆண்டு முதல் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் 350க்கும் மேற்பட்டோர் லூசியானா மாகாணப் பள்ளிகளுக்குச் சென்றனர். அவர்களை அனுப்பிய தரகு நிலையம் ஆளொன்றுக்கு ஏறத்தாழ 16,000 டாலர் வாங்கிற்று. ஒரு தொகையைக் கட்டி, இனிப் பின்வாங்க இயலாது என்ற நிலை வந்ததும் மற்றொரு தொகை கேட்கப்பட்டது. கடன்பட்டுக் கட்டினர். அதன்மேல், இரண்டாம் ஆண்டுச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கும் தரகருக்கு என்று கையெழுத்து வாங்கினர். 2010இல் வழக்குத் தொடர்ந்தனர். 2012 டிசம்பரில் ஜூரிகள் 45 இலட்சம் டாலர் ஈடு வழங்கத் தீர்ப்பளித்தனர்.

கற்றவர் இத்துணைப் பேர் ஏன் வாய்மூடி இருந்தனர்? அவர்கள் கோழைகள் அல்லர். சீட்டின் அமைப்பே அத்தகையது. எச்-1பி எனப்படும் அவ்வனுமதிக்கு விண்ணப்பிப்பவர் ஆசிரியர் அல்லர், முதலாளி. முதலில் மூன்றாண்டு வரை. நீட்டித்தால் பொதுவாக ஆறாண்டு. வேலை போயிற்றேல் நாட்டில் தங்கும் உரிமையும் உடன் போகும். வேறிடம் தேட 60 நாள் வரை தவணை என்பதே 2017இல்தான் விதியாயிற்று. சிங்கப்பூரிலும் வேலை மாறுவோர்க்குப் புது முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

தச்சருக்கும் இதே கட்டு உண்டே, ஆசிரியருக்கு மட்டும் தனிப் பரிவு எதற்கு என்று கேட்கலாம். தச்சரைக் கட்டுவதும் தவறே. ஆயினும் ஆசிரியர் செய்யும் பொருள் வேறு. நிர்வாகியின் மகன் கணக்கில் தேறவில்லை என்று எழுத வேண்டியவர் அவர். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடைப்பது தகாது என்று சொல்ல வேண்டியவர் அவர். ஒரு வாக்கியம் எழுதினால் மனைவி மக்களோடு நாட்டைவிட்டே வெளியேற நேரிடும் என்றிருப்பவர் அவ்வாக்கியத்தை எழுதுவாரா? எழுதாவிடின் நட்டம் அவருக்கன்று, பிள்ளைகளுக்கு.

இது நமக்குப் புதிய கதையன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க வேண்டுமென்று மலாயாவின் தொழிலாளர் சட்டம் கூறிற்று. துரை பள்ளி வைத்தார். கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் பாடம் சொன்ன பள்ளிகளும் பல. தனி ஆசிரியர் வாய்த்த இடத்திலும், சம்பளம் தோட்டத்தது, குடியிருந்த வீடும் தோட்டத்தது. பால்மரக் காட்டில் பிள்ளைகள் வேலைக்குப் போவதை அவர் எவ்வாறு தடுத்துப் பேசுவார்? அன்று வீடு, இன்று சீட்டு.

செலவிட்டு அழைத்தவர் நட்டப்படலாமா என்பது முதலாளி பக்கத்து நியாயம். அதில் சாரம் உண்டு. ஓராண்டோ ஈராண்டோ பணிபுரிவதாக உடன்படிக்கை செய்யட்டும். மீறினால் மெய்யான பயணச் செலவை வாங்கட்டும். பணத்தால் தீரும் வழக்குக்கு நாடு கடத்தலைத் தண்டனையாக்குவானேன்? அனுமதி ஆசிரியர் பெயரில், அவர் தொழிலுக்கு வழங்கப்படுமாயின், ஒரு பள்ளியை விட்டு அதே நாட்டின் மற்றொரு பள்ளிக்குச் செல்லலாம். நல்ல நிர்வாகிக்கு இதனால் அச்சமில்லை.

இனி, செல்லும் ஆசிரியருக்கு. யாம் அவரைத் தடுக்கோம். தரகருக்குப் பணம் கட்டுமுன், சீட்டு யார் பெயரில் விண்ணப்பிக்கப்படுகிறது, வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம், துணைவர்க்கு வேலை செய்ய உரிமை உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குக. ஆண்டிறுதிப் பரீட்சை முடியுமட்டும் இருந்து, வகுப்புப் பதிவேட்டை அடுத்தவர் கையில் ஒப்படைத்து, எந்தப் பிள்ளைக்கு எதில் உதவி தேவை என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுக.