பலகைக்குக் குடிபெயரும் தெய்வம்

2023 அக்டோபர் 27ஆம் தேதி சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. அடுத்த ஐந்தாம் நாள், நவம்பர் 1ஆம் தேதி, நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலில். இரண்டு ஊரிலும் ஜனம் திரண்டு பார்த்தது புனித நீர் சொரிந்த அந்தக் கடைசி நேரத்தைத்தான். ஆனால் வீட்டை இடித்துக் கட்டப்போகும் குடும்பம் கவனிக்க வேண்டியது அதை அல்ல. திருப்பணிக்கு முன்னால், பெரிய கூட்டமில்லாமல் நடந்து முடிந்துவிடும் பாலாலயத்தை. கட்டுமானத்தில் கை வைக்கும் முன் தெய்வத்திடம் உத்தரவு கேட்க வேண்டும். ஆகமக் கோயிலில் இதற்கு அனுக்ஞை என்று பெயர். கொங்குப் பக்கத்து ஊர்க்கோயில்களில் பூப்போட்டுக் கேட்பார்கள், வெள்ளைப் பூ வருகிறதா, சிவப்புப் பூ வருகிறதா என்று. உத்தரவு கிடைத்த பிறகு மூலவரின் சக்தியை மந்திரத்தால் கும்ப நீருக்குள் வாங்குவார்கள். இது கலாகர்ஷணம். கும்பத்திலிருந்து அது பெரும்பாலும் அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்குப் போகும். அந்தப் பலகைக்கென்று ஒதுக்கிய சிறு இடம்தான் பாலாலயம், தமிழில் இளங்கோயில். வேலை முடியும்வரை விளக்கும் பூசையும் நைவேத்தியமும் அங்கேதான். இத்தனையும் ஆன பிறகுதான் கொத்தனார் கருவறைக்குள் கால் வைப்பார்.

எங்கும் நிறைந்த ஒன்று எதற்காக வீடு காலி செய்ய வேண்டும்? வேடிக்கையாகத் தோன்றினாலும் இது கனமான கேள்வி. நாமக்கல்லில் வைத்துப் பார்த்தால் இன்னும் கனக்கும். அங்கே நரசிம்மர் மலையையே குடைந்த குகையில், பாறையோடு பாறையாக இருக்கிறார். எதிரே பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர், மேலே கூரைகூட இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். இவர்களைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே வைப்பது? பெயர்க்க முடியாத மூர்த்திக்கு ஆகமம் சொல்லும் வழி, உருவத்தை அங்கேயே விட்டுவிட்டு இருப்பை மட்டும் இடம் மாற்றுவது. கல் வேறு, கல்லில் குடியிருப்பது வேறு என்று அந்தச் சடங்கு பிரித்துவிடுகிறது. அதே மலையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் குடைவரையை அதிய மன்னரின் கல்வெட்டு விஷ்ணு கிருகம் என்றே குறிக்கிறது. கிருகம் என்றால் வீடு. கோயில் என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘இல்’லும் வீடுதான். தெய்வம் இருக்கும் இடத்தை வீடு என்று சொல்லத் துணிந்தவர்கள், வீடு என்றால் ஒழுகும், பிளக்கும், ஒருநாள் பிரித்துப் போட வேண்டிவரும் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார்கள். மூலவரைப் பீடத்தோடு பிடித்துவைக்கும் அட்டபந்தன மருந்தையே பாருங்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருளை இடித்துச் சேர்த்தும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதே வழக்கம். தெய்வத்தின் வீட்டுக்கே கெடு உண்டு.

சித்தர் மரபில் வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கல்லில் இல்லாததைக் கல்லிலிருந்து எடுத்துப் பலகையில் வைக்கிறீர்களாக்கும் என்பார்கள். கூர்மையான எதிர்ப்பு, தள்ளிவிட முடியாது. ஆனால் எந்தச் சடங்கைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ, அதுவே அவர்கள் கட்சியைப் பாதி ஒத்துக்கொள்கிறது. கல்லே தெய்வம் என்று நம்புகிறவன் பாலாலயம் செய்ய மாட்டான், செய்யவும் முடியாது. தெய்வம் கல்லை விட்டு வரும், ஒரு செம்பு நீரில் தங்கும், முழ அகலப் பலகையிலும் குறைவில்லாமல் இருக்கும் என்று நினைப்பவனுக்கே அது சாத்தியம். வேறுபாடு மீதிப் பாதியில் வருகிறது. எங்கும் இருக்கிறது என்பதால் எங்கும் கவனிக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு ஆகமம் போகவில்லை. தெய்வம் எங்கும் இருக்கலாம். விளக்கேற்றுகிறவர் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். பாலாலயம் தெய்வத்தின் தேவைக்காக அல்ல, கவனிப்பு அறுந்துபோகாமல் இருப்பதற்காக என்றே எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில்தான் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி பிரிகிறது. ஓட்டைப் பிரித்துத் தளம் போடவோ மாடி எடுக்கவோ முடிவானதும் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ் வரிசை. முதலில் மேஸ்திரிக்கு முன்பணம், பிறகு கம்பி சிமெண்டு விலை, பிறகு சாமான்களை ஓர் அறையில் அடைப்பது. சாமிப்படங்கள் பழைய வேட்டியில் சுற்றிப் பரண் ஏறும். சமையல் எங்கே, தாத்தாவின் கட்டில் எங்கே என்பதெல்லாம் சுவரை இடித்த அன்று சாயங்காலம் யோசிக்கிற விஷயம். பாலாலயத்தின் வரிசையோ இருப்பவர் முதலில், இடிப்பது அப்புறம். அந்த வீட்டில் எது நின்றால் குடும்பம் நின்றுபோகுமோ, அதைக் கண்டுபிடித்து முதலில் இடம் மாற்ற வேண்டும். சேலத்து நெசவாளர் வீட்டில் அது தறியாக இருக்கும். அந்த ஊரின் அம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளில் குழித்தறி வீட்டுத் தரையிலேயே பதிந்தது; கால் மிதிக்கும் குழியும் வீட்டின் ஓர் உறுப்பு. தரைக்கு டைல்ஸ் போடுவது என்றால் வருமானத்தை மூடுவது. ஓடுகிற பாவு நெய்து முடியும்வரை பொறுத்து, வேறொரு கூரைக்குக் கீழ் தறிக்கு இடம் பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடுப்பதும் ஒருவகைக் கலாகர்ஷணம்தான்.

தெய்வத்துக்கு மூச்சுத்திணறல் இல்லை, பத்தாம் வகுப்புத் தேர்வு இல்லை, மனிதர்களோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஆனால் ஆகமம் தெய்வத்தை உடம்போடுதான் வைத்துப் பேசுகிறது. எழுப்ப வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், வேளைக்கு ஊட்ட வேண்டும், உறங்கவைக்க வேண்டும். பாலாலயத்தில் இடம் சுருங்குமே தவிர, இந்த அன்றாடம் முற்றிலும் நின்றுவிடக் கூடாது. நீர் எங்கே, அடுப்பு எங்கே, தூசி படாமல் படுப்பது எங்கே என்று மனிதர்களுக்குக் கேட்க வேண்டியதையே அது தெய்வத்துக்குக் கேட்டுவைத்திருக்கிறது. இன்னொரு எதிர்ப்பு, வசதியைப் பற்றியது. வாடகைக்கு வேறு வீடு பிடிக்க எல்லாராலும் முடியுமா? முடியாது. ஆனால் அம்மனே பலகைக்கு ஒதுங்கும்போது இடத்தின் அளவு பெரிய தடையில்லை. தடை, யாருக்காக அந்தச் சிறு இடத்தை ஒதுக்குகிறோம் என்பதில் இருக்கிறது. இதில் ஒரு கசப்பு உண்டு. கோயிலில் பலகைக்குப் பூசை செய்ய ஆள் நியமனம் உண்டு, சம்பளமும் உண்டு. வீட்டிலோ ‘நாலு மாசம் அனுசரிச்சுக்கலாம்’ என்று சொல்பவர் ஒருவர், அனுசரிப்பவர் இன்னொருவர். வாசலில் தார்ப்பாய்க்குக் கீழ் அடுப்பு வைத்து, சித்தாள்களுக்கும் சேர்த்து டீ போடுகிறவரிடம் யாராவது பூப்போட்டுக் கேட்டார்களா? அனுக்ஞையை வீட்டுக்குக் கொண்டுவருவதானால் முதலில் அவரிடமிருந்துதான் அது வாங்கப்பட வேண்டும். உத்தரவு கேட்பது என்றால் மறுப்பு வந்தால் நிறுத்துவது என்றும் பொருள். சிவப்புப் பூவும் வரலாம் என்று தெரிந்துதான் ஊர் காத்திருக்கிறது.

பாலாலயத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். சின்ன இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் பெரிய வேலைக்கு அவசரம் போய்விடுகிறது. கோட்டை மாரியம்மன் கோயில் திருப்பணியே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கோயில் திருப்பணிகள் இழுபடுவதற்குப் பணம், டெண்டர், வழக்கு என்று எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் காத்திருப்பைத் தாங்கக்கூடியதாக ஆக்கிவைத்ததில் சடங்குக்கும் பங்கு இல்லாமல் இல்லை. வீடுகளிலும் இப்படித்தான். பூச்சு வேலை நிற்கும், தார்ப்பாய் அடுப்பு நிரந்தரமாகும். அதனால் இடம் சிறியதாக இருக்கலாம், கெடு இல்லாததாக இருக்கக் கூடாது. இளங்கோயில் என்ற பெயரிலேயே கெடு இருக்கிறது. இளையது என்றும் இளையதாக இருக்க முடியாது. இதற்கு ஒரு விலக்கும் தமிழ்நாட்டில் உண்டு. திருவாரூர் மாவட்டம் திருமீயச்சூரில் பெரிய கோயிலின் வளாகத்துக்குள்ளேயே இளங்கோயில் ஒன்று தனிக்கோயிலாக நிற்கிறது. தற்காலிகம் என்று பெயர் சூட்டிய இடம் அப்படியே நிலைத்துவிட்டது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் அந்த ஊருக்கு வந்து பதிகம் பாடியது பெரிய கோயிலுக்கு அல்ல, இளங்கோயிலுக்கு.