தவணையும் அமானிதமே



பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருள் மட்டும் அமானிதமன்று. "இன்ன நாளில் தருகிறேன்" என்று வியாபாரி கொடுக்கும் வாக்கும் அமானிதமே. திருக்குர்ஆனின் 5-ம் அத்தியாயம், உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோருக்கு இடும் கட்டளையைக் கொண்டே தொடங்குகிறது.

ஆனால் தவணை கழுத்தை நெரிக்கும்போது என்ன செய்வது? கஃபத்துல்லாவின் போர்வையான கிஸ்வாவின் சரித்திரத்தில் இதற்கு விடை உண்டு.

அக்காலத்தில் கிஸ்வா எகிப்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1926 ஹஜ்ஜில் மஹ்மல் பற்றி எழுந்த பிணக்கினால், 1927-ல் அது வரவில்லை. ஹஜ்ஜுக்குச் சில நாட்களே இருந்தன. அதற்குள் பட்டில் புதிதாக நெய்து முடிக்க இயலாது. அப்துல் அஸீஸ் மன்னர் கட்டளைப்படி, கிடைத்த கறுப்புத் துணியைக் கொண்டு இராப்பகலாகத் தைத்து, உரிய நாளில் கஃபாவைப் போர்த்தினார்கள். அத்துடன் நின்றார்களா? இல்லை. அதே ஆண்டில் மக்காவின் அஜ்யாத் பகுதியில் தொழிற்சாலை அமைத்து, இந்தியாவிலிருந்து கைத்தறி நெசவாளர்களை வரவழைத்து, அடுத்த ஹஜ்ஜுக்குரிய போர்வையை அங்கேயே நெய்து முடித்தார்கள்.

சகோதரர்களே, காலம் குறுகியபோது வேலையைச் சுருக்கினார்கள், பொய்யால் ஈடுகட்டவில்லை. மறு ஆண்டு முன்கூட்டியே தொடங்கினார்கள்.

இது நமக்கும் பொருந்தும். இந்நாட்டில் தொழுகைக்கு உடுத்தும் 'பெலிக்காட்' கைலி, நம் பழவேற்காட்டின் பெயரையே தாங்கியிருக்கிறது. சாலாக் செலாத்தானிலும் கிள்ளானிலும் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் பெருநாளுக்குக் கைத்தறித் துணி தருவிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வருகிறது. பிறையைப் பொறுத்து, 2027-ல் அது பிப்ரவரியிலும் 2028-ல் ஜனவரி இறுதியிலும் தொடங்கும். அப்படியானால் நெசவு நடக்க வேண்டிய மாதங்கள், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை! கஞ்சியிட்ட பாவு காய வெயில் வேண்டும். மழையில் பாவு காயாது. காயாத பாவு தறியேறாது.

இதை அறியாமல் கடைசி நேரத்தில் ஆர்டர் அனுப்பிவிட்டு, "உடனே வேண்டும்" என்று தந்திமேல் தந்தி அடிப்பதுபோல் நெருக்கினால் என்ன நடக்கும்? ஊடை இழை குறையும். நீளத்தில் ஒரு சாண் குறையும். அதை முழுச்சரக்கென்று விற்பவன், அளவில் மோசம் செய்வோரை ஸூரத்துல் முதஃப்பிஃபீன் எச்சரிப்பதை நினைத்துப் பார்க்கட்டும். குறைத்து நெய்த கை தறிக்காரருடையது. குறைக்க வைத்த நெருக்கடியோ நம்முடையது.

ஆகவே மழைக்கு முன்பே ஆர்டர் கொடுங்கள். நூலுக்கு முன்பணம் அனுப்புங்கள். வேலை முடிந்ததும் கூலியைத் தாமதியாமல் தீருங்கள். அது கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அப்படியும் பிந்தினால், நூறு கைலி கேட்ட வாடிக்கையாளரிடம், "அறுபதுதான் ஆயிற்று" என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இலாபம் குறையலாம், பரக்கத் குறையாது.

வாக்கிலும் அளவிலும் வழுவாத வியாபாரத்தை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.