ஓடைக்கரையில் உப்புக் கட்டி

மசினகுடிப் பக்கம் ஓடைக்கரையில் வாடகைக் குடில்கள் நடத்தும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சாமி, கூரை மாற்றப் பணம் வேண்டும். மானையோ காட்டுமாட்டையோ பாராத விருந்தாளி மறுபடி வருவதில்லை. கரையில் உப்பு வைத்து வரவழைத்தால் பாவமா?”

பிழைப்புக்கு உழைப்பது பாவமல்ல. ஆனால் நோக்கம் மட்டும் நன்றாயிருந்தால் போதாது. செயலும் சூழ்நிலையும் நன்றாயிருக்க வேண்டுமென்பது அர்ச். தோமாஸ் அக்குவீனாஸின் போதனை. உப்புக்குப் பழகும் மிருகம் பயத்தை மறக்கிறது. பயமே அதற்குச் சர்வேசுரன் தந்த வேலி. வேலியைப் பிடுங்குகிறவன், பின்பு நடப்பதற்கும் பொறுப்பாளி. 2021 ஜனவரியில் அதே மசினகுடி அருகே, குடியிருப்புப் பக்கம் வந்த காட்டு யானைமேல் எரியும் டயரை எறிந்தார்கள். தீக்காயத்தோடு அது மாண்டது.

ஆதாமிடம் தோட்டம் ஒப்படைக்கப்பட்டது பண்படுத்த மட்டுமல்ல, காக்கவுமே.

ஆகவே அவருக்குச் சொன்னேன்: கூரையை ஒழுகாமல் வையுங்கள்; எச்சில் சோற்றை வெளியே கொட்டாதீர்கள்; இரவு விளக்கைக் குறையுங்கள். ஓடையில் தண்ணீர் இருக்கிறது, வருவது வரட்டும். “காணலாம், காணாமலும் போகலாம்” என்று விருந்தாளியிடம் உண்மையைச் சொல்லிப் பணம் வாங்குங்கள். வருமானம் குறையலாம், குறையாதென்று நான் வாக்களிக்க முடியாது.

நம் ஒவ்வொருவர் தொழிலிலும் இப்படி ஓர் உப்புக் கட்டி உண்டு. இந்த வாரம் அதை ஆராய்ந்து பார்ப்போமாக.