கண்ட காட்சியும் காவல் இரவும்

வனவிலங்கொன்றை அண்மையிற் கண்டவர், அதனைத் தமக்குக் கிட்டிய பேறாகவே பிறர்க்குச் சொல்வர். நாமும் அதற்கு விலக்கல்ல. மகாசேனன் கட்டுவித்த மின்னேரியாக் குளம் வற்றி, அதன் படுகையிற் புல் தழைக்கும் உலர்காலமொன்றில், யானைகள் நூற்றுக்கணக்கிற் கூடும் அவ்விடத்தில், ஜீப் வண்டியிலிருந்து சில பாகத் தொலைவில் ஒரு பெண்யானையைக் கண்டோம். காலினாற் புல்லை உதைத்துப் பெயர்த்து, துதிக்கையாற் சுருட்டி, மண்ணை உதறி உண்டுகொண்டிருந்தது. கன்று அதன் வயிற்றின்கீழ் ஒண்டி நின்றது. ஒருகணம் தலைநிமிர்ந்து எம்மை நோக்கிற்று. பின் புல்லுக்கே திரும்பிற்று. எம்மை அது பொருட்படுத்தாமையே எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஏன் என்று அன்று நாம் ஆராயவில்லை.

அடுத்த பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்னர், படுவான்கரையில், மரத்தின்மீது கட்டிய பரணில் இரவைக் கழிக்கும் வயற்காவலர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. "நீங்க பகல்ல கண்டிருக்கிறீங்க, தம்பி. நாங்க ராவையில காணுறம்" என்றார். அவரிடம் இருந்தவை ஒரு ரோச் லைற்றும் நான்கு யானை வெடிகளும். வயல் அவருடையதன்று. உடையவர் நகரில் உறங்கினார்.

விலங்கின்முன் மனிதன் எவ்வாறு நிற்கவேண்டும் என்ற வினாவுக்கு வல் பிளம்வுட் என்ற அவுஸ்திரேலிய மெய்யியலாளர் தம் உடலாலேயே விடை தேட நேர்ந்தது. 1985 பெப்ரவரியில், ககாடு தேசியப் பூங்காவில் தனியே சிறு தோணி செலுத்திச் சென்ற அவரை உவர்நீர் முதலையொன்று கவ்வி, மும்முறை நீருள் அமிழ்த்திச் சுழற்றியது. படுகாயத்துடன் கரையேறி, நடந்தும் தவழ்ந்தும் சென்று பிழைத்தார். முதலையைக் கொல்லவேண்டுமென்ற பேச்சு எழுந்தபோது, அதன் உறைவிடத்துட் புகுந்தவர் தாமே எனக்கூறி எதிர்த்தார். மனிதன் அனைத்தையும் உண்பவன், தான் எதற்கும் இரையாகாதவன் என்ற இறுமாப்பு மேலைச் சிந்தனையில் எத்துணை ஆழ ஊன்றியுள்ளது என்பதைப் பின்னாளில் எழுதினார். மின்னேரியாவில் எமக்கு உண்டான மகிழ்ச்சியும் அவ்விறுமாப்பு ஒருகணம் கழன்றதனால் வந்ததே போலும்.

இப்பெருந்தன்மை போற்றற்குரியது. ஆயினும் அவர் ஆற்றுக்குச் சென்றது விரும்பியன்றோ? பரணில் இருப்பவர் கூலிக்காக ஏறினார். மன்னிக்கும் உரிமையை அவரிடம் எவரும் கேட்டதில்லை. ஜீப்பிலிருந்து திரும்பியவர்கள் அவருக்குக் கருணை போதிப்பது அறமாகாது.

அதற்காக, மனிதனே முதல் என்று சொல்லி அமைதி கொள்ளவும் இயலவில்லை. 2023 இல் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன; நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர் இம்மோதலில் மாண்டனர். காட்டுப்பன்றிக்கென உணவுக்குள் வைத்த வெடியைக் கடித்த யானை, வாய் சிதைந்து, உண்ணமாட்டாது, நாட்கணக்கிற் பட்டினி கிடந்து சாகிறது. அதனை வைத்தவனும் பெரும்பாலும் ஏழையே. கன்றின் கண்ணைப் பார்த்து நெகிழ்ந்த நாம் அவனை வெறுப்பதற்கு எவ்வளவு விரைகிறோம்!

மின்வேலிகள் உள்ளனவே என்பர். அவற்றுட் பல, காட்டின் நடுவே, திணைக்களங்களின் எல்லைக்கோட்டில் நிற்கின்றன. வேலிக்கு இப்புறமும் யானை, அப்புறமும் யானை. கோடு வரைந்தவர்க்கு அது எல்லை, யானைக்கு அவ்வாறன்று. ஊரைச் சுற்றி நிலையான வேலியும், விதைப்பின்போது வயலைச் சுற்றி அமைத்து அறுவடையின்பின் அகற்றும் வேலியும் வேண்டும், அவற்றை ஊராரே பேணவேண்டும் என 2020 இல் வகுத்த தேசியச் செயற்றிட்டம் கூறியது. செலவு பெரிதன்று. காவற்கூலி மலிவாயிருக்கும்வரை உடையவர்க்கு அவசரமுமில்லை.

அவ்வயற்காவலரிடம், மிக அண்மையில் யானையைக் கண்டதுண்டா என்று கேட்டோம். ஓரிரவு பரணுக்கு நேர்கீழே ஒன்று வந்து நின்றதாம். அதன் மூச்சு மேலே கேட்டதாம். வெடி கையில் இருந்தும் அவர் கொளுத்தவில்லை.

"கண்டும் கூட நிண்டது. வெடியப் போட்டா மரத்தைச் சாய்ச்சிருக்கும்" என்றார்.

இரக்கமா, அச்சமா என்று நாம் வினவினோம். அவர் சற்று யோசித்தார். பின், பொழுது சாய்கிறதென்று சொல்லி, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு பரணை நோக்கி நடந்தார்.