கேமராவுக்குப் பொட்டு வைக்காதவரின் மூடநம்பிக்கை

ஆயுத பூஜை அன்று ஸ்டூடியோக்களில் கேமராவைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் பொரியும் கடலையும் படைப்பார்கள். கும்பிட்டால் இயந்திரம் ஒழுங்காக ஓடும், கும்பிடாவிட்டால் கோளாறு செய்யும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நம்மில் பலர் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அப்படிச் சிரிக்கிறவரே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிஎஸ்எல்ஆரை அலமாரியில் பூட்டிவிட்டு, “மிரர்லெஸ் வாங்கினால்தான் படம் நன்றாக வரும்” என்று மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார். அவரிடமும் ஆதாரம் கிடையாது. பொட்டு வைத்தவருக்கு ஒரு சிட்டிகைக் குங்குமத்தோடு செலவு முடிந்தது. வைக்காதவருக்கு மாதக்கணக்கில் நீளும் கடன். இந்த இரண்டில் எது பெரிய மூடநம்பிக்கை?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் மிரர்லெஸ் கேமராவை நியாயமாக எடைபோட்டாக வேண்டும். புதியது என்பதற்காக ஒன்றை ஏற்பது எவ்வளவு தவறோ, புதியது என்பதற்காகத் தள்ளுவதும் அவ்வளவு தவறு.

பழைய டிஎஸ்எல்ஆரின் லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். சாய்வாக ஒரு சிறு கண்ணாடி நிற்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பும். மேலே உள்ள கண்ணாடிகள் பிம்பத்தை நிமிர்த்தி வியூஃபைண்டருக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி எழும்பும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சாரில் விழும், ஷட்டர் மூடும், கண்ணாடி மறுபடி கீழே வந்து உட்காரும். நாம் கேட்கும் ‘டக்’ சத்தம் இதுதான். கண்ணாடி மேலே இருக்கும் நேரம் முழுக்க வியூஃபைண்டர் இருட்டு. எந்தக் கணத்தைப் பதிவு செய்தாரோ, அந்தக் கணத்தை எடுத்தவர் வியூஃபைண்டரில் பார்ப்பதே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலத்தில் தகுந்த காரணம் இருந்தது. ஃபிலிம் இருட்டில் இருக்க வேண்டும். எடுப்பவரோ லென்ஸ் காட்டுவதை அப்படியே பார்க்க வேண்டும். ஒரே லென்ஸில் இரண்டும் நடக்கக் கண்ணாடிதான் வழி. 1936-இல் ஜெர்மனியின் கீனே எக்ஸாக்டா 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்குள் அதைக் கொண்டுவந்தது. 1959-இல் வந்த நிக்கான் எஃப் அதைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் அன்றாடக் கருவியாக்கியது. பிறகு ஃபிலிம் போய் சென்சார் வந்தது. சென்சார் தான் காண்பதை உடனுக்குடன் திரையில் காட்ட வல்லது. கண்ணாடி இருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. ஆனாலும் பல வருடங்கள் அது அங்கேயே இருந்தது. 2008-இல் பானசோனிக் ஜி1, மின்திரை வியூஃபைண்டரை வைத்துக்கொண்டு கண்ணாடியை எடுத்துவிட்டது. காரணம் போன பின்னும் காரியம் ஏன் தொடர வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். சடங்குகளைப் பார்த்துப் பகுத்தறிவாளர் கேட்கும் கேள்வியும் அதுதான். ஆகவே மிரர்லெஸ் கேமரா பகுத்தறிவின் பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செய்தவர் கேள்வி கேட்டுச் செய்ததை, வாங்குகிறவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்குகிறார் என்பதுதான் என் வழக்கு.

பேச்சைப் பொதுவாக வைக்காமல் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2016-இல் வந்த கேனான் 1300டி. ஆரம்பநிலைக்காரர்களுக்கான டிஎஸ்எல்ஆர். மற்றது 2023-இல் வந்த கேனான் ஆர்50. அதே ஆரம்பநிலைக்காரர்களுக்கான மிரர்லெஸ்.

முதலில் சென்சார். இரண்டிலும் அளவு ஒன்றே: 22.3 × 14.9 மி.மீ. பழையதில் 18 மெகாபிக்சல், புதியதில் 24.2. மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று விளம்பரம் சொல்லலாம். ஆனால் படத்தின் நீளவாக்கில் எண்ணினால் 5,184 புள்ளிகள் 6,000 ஆகியிருக்கின்றன. கூடுதல் 16 சதவீதத்துக்கும் குறைவு. கல்யாண ஆல்பத்தின் 12 × 18 அங்குலப் பக்கத்தில் பழைய கேமராவின் படம் அங்குலத்துக்கு 288 புள்ளிகளோடு நிற்கும். நல்ல அச்சுக்கு 300 என்பது வழக்கமான கணக்கு. கையில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ இரண்டு படங்களும் ஒரே அளவுக்குச் சுருங்கிவிடும்.

அடுத்தது லென்ஸ். இங்கேதான் பலர் பார்க்கத் தவறும் செய்தி இருக்கிறது. 1300டி-யோடு வரும் 18–55 கிட் லென்ஸின் அபர்ச்சர் எஃப்/3.5-இல் தொடங்கி எஃப்/5.6-இல் முடிகிறது. ஆர்50-யோடு வரும் 18–45 கிட் லென்ஸ் எஃப்/4.5-இல் தொடங்கி எஃப்/6.3-இல் முடிகிறது. அபர்ச்சர் எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும். 18 மி.மீ.யில் இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால், பழைய லென்ஸ் விடும் ஒளியில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் புதியது விடுகிறது. புது கேமரா இருட்டிலும் நன்றாக எடுக்கும் என்று நம்பி வாங்கியவர், இருட்டில் முன்பைவிடக் குறைந்த ஒளியை வாங்கும் லென்ஸோடு வீட்டுக்கு வருகிறார். அந்தத் தவணைப் பணத்தின் சிறு பகுதியில் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கிப் பழைய கேமராவிலேயே மாட்டியிருந்தால், எஃப்/5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளி உள்ளே வந்திருக்கும்.

இனி புதியது வெல்லும் இடம். முகூர்த்த நேரம். கெட்டிமேளம் முழங்குகிறது. ஹோமப் புகை, தலைக்கு மேல் அட்சதை, குறுக்கே போனைத் தூக்கிப் பிடித்த உறவினர்கள். மணமகள் குனிந்திருக்கிறார், பின்னால் நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்குக் கை நீட்டுகிறார். 1300டி-யில் மொத்தம் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், அவற்றில் நம்பகமானது நடுவில் உள்ள ஒன்று. நடுப்புள்ளியை மணமகளின் கண்ணில் வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு சட்டகத்தை ஓரமாக நகர்த்துவதற்குள் அவர் தலை அசைந்துவிடும். ஆர்50-யின் சென்சாரோ ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து ஒளியின் வேறுபாட்டை அளக்கிறது. சட்டகத்தின் ஓரத்தில் இருந்தாலும் கண்ணை அடையாளம் கண்டு பின்தொடர்கிறது. விநாடிக்கு மூன்று படம் என்பது பன்னிரண்டாகிறது. வெளிச்சம் கூடுமா குறையுமா என்பது எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரிகிறது. சத்தமில்லாமல் எடுக்கலாம். வீடியோவில் பழையதற்கு இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. இதற்கு ஈடாகத் திரை எந்நேரமும் எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீரும். உதிரி பேட்டரி பையில் இருக்க வேண்டும். கல்யாணமோ விளையாட்டோ வீடியோவோ பிழைப்பாகக் கொண்டவருக்கு இந்த லாபங்கள் உண்மையானவை. அவர் கணக்குப் போட்டு வாங்கினால் அதில் தவறு ஏதும் இல்லை.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கேமராக்களையும் ஸ்டாண்டில் வையுங்கள். அதே 50 மி.மீ. லென்ஸை அடாப்டர் போட்டுப் புதியதிலும் மாட்டுங்கள். அதே வெளிச்சம், அதே அபர்ச்சர், அதே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ 400. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படம் எடுங்கள். ஒரே லேபில் 12 × 18-இல் அச்சிட்டு, எது எந்தக் கேமரா என்பதைப் பின்பக்கம் குறியீடாக எழுதி, அந்தக் குறியீட்டின் விடையைப் படம் எடுக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு நண்பர்களிடம் காட்டி எது மிரர்லெஸ் என்று கேளுங்கள். நாணயத்தைச் சுண்டிச் சொல்வதைவிடச் சரியாகச் சொன்னால் என் கூற்றை மாற்றிக்கொள்கிறேன். அடுத்து மாலையில், டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை எடுங்கள். அங்கே புதியது ஜெயிக்கும், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். எந்த வேலையில், எவ்வளவு வித்தியாசம் என்று பிரித்துச் சொல்வதுதான் அறிவு. “எல்லாவற்றிலும் புதியதே மேல்” என்பது பக்தி. “கண்ணாடி இருந்தால்தான் அசல் போட்டோகிராபி, திரையைப் பார்த்து எடுப்பதில் உயிர் இல்லை” என்று பழையதைத் தூக்கிப் பிடிப்பதும் பக்திதான். கோயில் மட்டும் வேறு.

இந்த பக்தியால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கிறது. மண்டபத்தில் ஒரு பெரியவர் இளம் புகைப்படக்காரரைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, “என்ன கேமரா வெச்சிருக்கீங்க தம்பி?” என்பது. இதுவரை எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. மாடல் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறது, கூலி மாறுகிறது. ஆளின் திறமையைப் பார்க்காமல் அவன் எங்கிருந்து வந்தான், என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்து மரியாதை அளக்கும் பழக்கம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. சாதியில் பழகிய கண் கேமராவிலும் அதையே செய்கிறது. புரோகிதரைத் தவிர்த்த சுயமரியாதைத் திருமண மேடைக்கு எதிரிலும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதுதான் வேதனை.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்த இளைஞர் கடன் வாங்குகிறார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆகவே வருமானம் இல்லை. பஞ்சாங்கம் அடைத்த மாதங்களிலும் தவணை வந்து நிற்கும். உடன் வரும் லைட் பிடிக்கும் பையனுக்குச் சம்பளம் தள்ளிப்போகும். இந்தச் சங்கிலியின் மறுமுனை இன்னும் தூரத்தில் இருக்கிறது. லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் உள்ள கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ மண்ணிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் தோண்டுகிறார்கள் என்று ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் ஆவணப்படுத்தியது. 2022-இல் மட்டும் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால் பங்குகூட இல்லை. தேவைக்கு வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. பெருமைக்கு வாங்குகிறவர், அந்தப் பெருமையின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டாவது வாங்க வேண்டும்.

ஆனால் இந்த மூடநம்பிக்கையின் பெரிய தீங்கு பணமும் குப்பையும் அல்ல. வாழ்க்கை சரியில்லை என்றால் தலையெழுத்து, படம் சரியில்லை என்றால் கேமரா என்று, மனிதன் தன் பொறுப்பை வேறொன்றின் மேல் இறக்கிவைத்துவிடுகிறான். அப்படி இறக்கிவைத்தவன், தன் கையால் செய்யும் தப்பைக் கவனிப்பதே இல்லை.

அந்தத் தப்பு எங்கே நடக்கிறது என்று காட்டுகிறேன். கல்யாணம் முடிந்து படங்கள் லேப்டாப்புக்கு வருகின்றன. மணமகள் மாநிறம், அல்லது நல்ல கறுப்பு. லைட்ரூம் மென்பொருளில் முகத்தைத் திறந்து, ஆரஞ்சு நிறத்தின் வெளிச்ச ஸ்லைடரை வலப்பக்கம் இழுக்கிறார்கள். கன்னம் வெளுக்கிறது. மூக்கோரத்து நிழல் கரைகிறது. கழுத்து தனியாகத் தெரிகிறதே என்று கழுத்தையும் வெளுக்கிறார்கள். சில ஆல்பங்களில் முகம் ஒரு நிறமாகவும், தாம்பூலத்தட்டைப் பிடித்திருக்கும் கை இன்னொரு நிறமாகவும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கேட்டால், “பொண்ணு வீட்லயே கேக்குறாங்க சார்” என்கிறார்கள். உண்மைதான், கேட்கிறார்கள். கேட்டதற்காகச் செய்தது நியாயமாகிவிடாது.

ஃபிலிம் காலத்தில் குற்றத்தின் ஒரு பங்கு பொருளிலேயே இருந்தது. 1950-கள் முதல் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ‘ஷர்லி அட்டை’ அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் தோல் சரியாக அச்சானால் நிறம் சரி என்று பொருள். மற்றவர் தோல் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. 1977-இல் மொசாம்பிக்குக்கு வேலை செய்யப் போன பிரெஞ்சு இயக்குநர் ழான்-லூக் கோதார், கோடாக் ஃபிலிம் இனவாதம் கொண்டது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்தார். இன்று அந்தச் சாக்கும் போய்விட்டது. நாம் மட்டமாகப் பேசும் அந்தப் பழைய 1300டி-யின் ரா ஃபைலே ஒளியை 14 பிட்டில் பதிகிறது. கறுப்பிலிருந்து வெளுப்பு வரை 16,384 படிகள். நம் மக்களின் எந்த நிறத்தையும் அது அதன் அழகோடு வாங்கிக்கொள்ளும். 16,384 படிகளைப் பிரித்தறியும் கருவியை வைத்துக்கொண்டு, நாம் ஒரே ஒரு நிறத்தைத்தான் அழகு என்கிறோம். ஏழு வருடம் புதிய கேமரா வாங்கினாலும் இது மாறாது. இன்னும் துல்லியமான கேமரா, இன்னும் துல்லியமாக அழிக்கத்தான் உதவும்.

தன் கல்யாண ஆல்பத்தைத் திறக்கும் ஒரு பெண், அதில் தன் முகத்துக்குப் பதிலாக இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்கிறாள். ‘நீ இருக்கிறபடி இருந்தால் பக்கத்தில் ஒட்டத் தகாதவள்’ என்று அவளுக்கு ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. இதைவிடக் கொடிய வாழ்த்துமடல் இருக்க முடியாது. இதைச் செய்தது கேமரா அல்ல.

ஆகவே படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கேமரா வாங்குமுன், தவறிப்போன படங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று எழுதுங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் போனதா, லென்ஸில் ஒளி போதவில்லையா, நின்ற இடம் தவறா, நேரம் தவறா? பெரும்பாலானவற்றுக்கு விடை கேமரா என்று வந்தால் தயங்காமல் வாங்குங்கள். வராவிட்டால் பழையதையே வைத்துக்கொண்டு பணத்தை லென்ஸிலும் படிப்பிலும் போடுங்கள். முகத்தை வெளுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

படம் எடுக்கச் சொல்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு ஆள் அமர்த்தும்போது என்ன கேமரா என்று கேட்காதீர்கள். இதுவரை எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, “எங்கள் பெண்ணின் நிறத்தை மாற்றாமல் ஆல்பம் தருவீர்களா?” என்று கேளுங்கள்.